பழைய எஸ்யூவி, உப்புக்காற்று, டிரெய்லர்: செய்யக்கூடாத வேலைகள்

பழைய சஃபாரி, எண்டெவர், பஜேரோ, முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் என்று பெரிய வண்டியை நல்ல விலைக்கு வாங்கி, பின்னால் டிரெய்லர் இழுக்கும் ஊக்கு (டோ ஹிட்ச்) மாட்டி, ஃபைபர் வள்ளம் இழுக்கலாம் என்று இறங்குகிறவர்கள் ஒரே தப்புகளை ஒரே வரிசையில் செய்கிறார்கள். ஆயில் மாற்ற மறப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டியே வருஷம் ஓட்டுவது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை யாருக்கும் தெரிந்தவை.

துருவின் மேல் கறுப்பு அடிப்பது

வண்டி கைக்கு வந்த வாரமே வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் அடித்துவிட்டு வருவார்கள். பார்த்தால் புதுச் சேஸ். விற்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் காரணம் வேறு.

நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடிய வண்டியில் துரு பெரும்பாலும் சேஸின் உள்ளேதான் தொடங்கும். சேஸ் நான்கு பக்கமும் மூடிய இரும்பு. அதிலுள்ள ஓட்டைகள் வழியாக மணலும் உப்புநீரும் உள்ளே போய்த் தங்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மழையில்லாத மாதத்திலும் உட்பக்கம் காயாது. நீர் வடியத்தான் கம்பெனியே அடியில் சிறு ஓட்டைகள் விட்டிருக்கிறது. கோட்டிங் அடிக்கும்போது முதலில் அடைபடுவது அந்த ஓட்டைகள். வெளிப்பக்கமும் அப்படித்தான்: துருவின் மேல் பூசிய கோட்டிங் ஓர் இடத்தில் விரிசல் விட்டால் போதும், நீர் அதற்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்துவிடும். மேலே கறுப்பு பளபளவென்று இருக்க, அடியில் தகடு ஏடு ஏடாக உரியும்.

இது தெரியவருவது பெரும்பாலும் ஊக்கு மாட்டும் நாளில்தான். போல்ட்டை இறுக்க இறுக்க ஸ்பானர் சுற்றிக்கொண்டே போகும், தகடு உள்ளே அமுங்கும். அதற்குப் பிறகு டீசல் டேங்கை இறக்கி, பிரேக் பைப்பைக் கழற்றி, பின் குறுக்குச்சட்டத்தை வெட்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் வண்டி என்றால் அங்கேயும் இது நிற்கும். கோட்டிங்குக்குக் கொடுத்த காசைப் போலப் பல மடங்கு இதில் போகும். இத்தனைக்கும் முன்கூட்டியே பார்க்க ஒரு சிறு சுத்தியல் போதும். பின் சக்கரத்துக்கு மேல், பாடி சேஸில் உட்காரும் பாடி மவுண்ட் அடியில், பட்டை ஸ்பிரிங் இருந்தால் அதன் நுனியைச் சேஸோடு சேர்க்கும் ஷாக்கிள் பக்கம், பின் குறுக்குச்சட்டம் என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு வெல்டிங்தான், பெயின்ட் இல்லை. கறுப்புக் கோட்டிங் புதிதாக மின்னுகிற வண்டியை வாங்கும்போது இந்தச் சோதனையை வேண்டாம் என்று யாராவது சொன்னால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரியாகச் செய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் சேஸின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். ஓட்டை வழியாக வெளியே வரும் நீரில் மணல் வருவது நிற்கும்வரை கழுவுவதை விடக்கூடாது. வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி உதிரும் துருவை எல்லாம் எடுத்து, குழிகளில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவுங்கள். பொருக்குத் துருவின் மேல் அது வேலை செய்யாது. பிறகு ஸிங்க் கலந்த எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் எபாக்சி பெயின்ட். சேஸின் உள்ளே நீண்ட குழாய் நாசிலால் கேவிட்டி வேக்ஸ் (உட்குழியில் பூசும் மெழுகு) அடிக்க வேண்டும். மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். கடைசியாக வடிகால் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் டிஸ்க், சைலன்சர், ரப்பர் புஷ், புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ் மேல் எதுவும் படக்கூடாது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு நேரம். மே கடைசியில் அவசரமாகச் செய்கிறவர்கள் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுகிறார்கள்.

பழைய என்ஜின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து அடியில் அடிப்பதும் வேண்டாம். ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும், மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பம்பரில் ஊக்கு

வேண்டாம். சேஸின் இரண்டு பக்கத் தண்டிலும் உட்தகடு வைத்து, 8.8 கிரேடு 12 மில்லிமீட்டர் போல்ட் பக்கத்துக்கு மூன்றாவது போட்டு, சுமார் 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். முதல் இழுவைக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள். டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம், அதற்கும் பதிவு வேண்டும்.

எடையைக் கண்ணால் அளப்பது

வள்ளம், என்ஜின், வலை, டீசல் கேன், டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் இழுக்கும் பாரம். எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பல நாடுகள் 750 கிலோவோடு நிறுத்திக்கொள்கின்றன. இங்கும் அதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உங்கள் வண்டியின் கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

ஊக்கின் மேல் இறங்கும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 700 கிலோ என்றால் 70. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் மரக்கட்டை வைத்து, ஊக்கு உயரத்துக்கு டிரெய்லர் நாக்கை (ஊக்கில் மாட்டும் முன் நுனியை) தாங்கவிட்டால் தெரிந்துவிடும். வள்ளத்தில் இது பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் அவுட்போர்டு என்ஜின் பின்கோடியில் தொங்குகிறது. 9.9 குதிரைத்திறன் என்ஜினே 40 கிலோ பக்கம் வரும். நாக்கு லேசானால் டிரெய்லர் வாலாட்டும். என்ஜினைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள், அல்லது வள்ளத்தை முன்னால் நகர்த்திக் கட்டுங்கள். அதிகமானாலும் தொல்லைதான்: முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் தென்னை மரத்தைப் பார்க்கும்.

சூடான சக்கரத்தைக் கடலில் இறக்குவது

மார்த்தாண்டத்திலிருந்து இழுத்து வந்த டிரெய்லரின் ஹப் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படியே நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சும். கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். நனைந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள்; பேரிங்கில் மரைன் கிரீஸ் போடுங்கள்.

வண்டியின் பின் ஆக்ஸிலுக்கும் இதே விதிதான். ஆக்ஸில் மூச்சு விடும் பிரீதர் குழாயை டேங்க் வாய் உயரத்துக்கு நீட்டி வையுங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது; அன்றே மாற்றுங்கள், 80டபிள்யூ-90, ஜிஎல்-5 கியர் ஆயில்.

வடிகால் போல்ட்டை முதலில் திறப்பது

டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும்போது முதலில் திறக்க வேண்டியது ஆயில் ஊற்றும் போல்ட். அது கழலவில்லை என்றால் வடிகாலைத் தொடாதீர்கள்; பழையது வடிந்த பிறகு புதிது ஊற்ற வழியிருக்காது.

தார்ரோட்டில் ஃபோர் ஹை

பழைய சஃபாரி, எண்டெவர், ஸ்கார்ப்பியோ போன்ற பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளில் காய்ந்த ரோட்டில் ஃபோர் ஹை போட்டுத் திரும்பினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிபடும். முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் 3.0 ஃபோர் வீல் டிரைவ் ஃபுல் டைம் என்பதால் அதற்கு இது பொருந்தாது. முன்னையும் பின்னையும் பூட்டிவிடும் சென்டர் லாக் மட்டும் காய்ந்த ரோட்டில் போடக்கூடாது. கடப்புற மணலில் வள்ளத்தை ஏற்றும்போது ஃபோர் லோ போட்டு நேராக இழுங்கள். கிளட்சைப் பாதி மிதித்துப் பிடித்து ஏற்றுவதுதான் கிளட்ச் பிளேட்டைக் கருக்குகிறது.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர்

கடற்கரைக் கிணறு உப்பு கலந்தது. டிமினரலைஸ்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. பாரம் இழுக்கும்போது மட்டும் சூடேறினால் விஸ்கஸ் ஃபேனைப் பாருங்கள்: என்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போகக்கூடாது.

பிரேக் ஃப்ளூயிட்

டாட் 4 ஊற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

கட்டை நன்றாக இருக்கிற பழைய டயர்

கட்டை (ரோட்டைத் தொடும் பகுதி) தேயாமல் இருந்தாலும் டயரின் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டு 23-வது வாரம். ஆறேழு வருஷம் தாண்டிய டயரில் பாரம் இழுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முப்பந்தல் பக்கம் பக்கவாட்டுக் காற்று டிரெய்லரைத் தள்ளும். வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறையக் குறைய அடங்கும். அடங்கியதும் ஓரம் கட்டி, நாக்கு எடையைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.