அமெரிக்காவுக்கு வரும் இராமநாதபுரத்துக்காரர்களுக்கு: முதலில் இன்சூரன்ஸ்

தொண்டி, கீழக்கரை, தேவிபட்டினம், பாம்பன் என்று நம் கடற்கரையிலிருந்து இங்கே வந்து இறங்குபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இன்சூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து என்றுதான். வீடு, கார், லைசென்ஸ் எல்லாம் அப்புறம்.

ஊரில் காய்ச்சல் என்றால் ராமநாதபுரம் ஜி.எச்.சில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் போதும். பெரிய ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. துபாயில் இருந்தவர்களுக்கு முதலாளியே இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த பழக்கம். இங்கே சேர்ந்த அன்றே தொடங்கும் கம்பெனியும் உண்டு, 90 நாள் காக்க வைக்கும் கம்பெனியும் உண்டு. ஆஃபர் லெட்டர் வந்ததுமே கேட்டுவிடுங்கள். கம்பெனி தராவிட்டால், முறையான விசாவில் வந்தவர்கள் வந்த 60 நாளுக்குள் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற மத்திய அரசின் இன்சூரன்ஸ் தளத்திலோ மாநிலத்தின் சொந்தத் தளத்திலோ வாங்கலாம். கிரீன் கார்டு இருந்தாலும் வயது வந்தவர்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டு ஆகும். 1996-ல் வந்த சட்டம் அப்படி.

வந்த கொஞ்ச நாளில், "ஜெயிலில் இருப்பவனுக்கு ஓசி வைத்தியம், வெளியே உழைக்கிறவனுக்குப் பில்லா?" என்ற பேச்சு உங்கள் காதிலும் விழும். அதில் பாதி உண்மை. டெக்சாஸ் சிறையில் ஒரு கைதிமேல் பருத்திப் பொதி விழுந்து முதுகில் அடிபட்டது. அதிலிருந்து கிளம்பிய எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கவனிக்காமல் விடுவது அரசியல் சாசனம் தடுத்திருக்கும் கொடுமை என்று 1976-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2015 நிதியாண்டில் மாநிலச் சிறைகளின் மருத்துவச் செலவு சுமார் 810 கோடி டாலர். ஒரு கைதிக்கு ஆண்டுக்கு என்று பார்த்தால் கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட 20,000 டாலர், லூசியானாவில் 2,200-க்கும் கீழே. ஓசி என்பதும் முழுக்கச் சரியில்லை. டாக்டரைப் பார்க்கக் கைதியிடமே கட்டணம் பிடிக்கும் மாநிலங்கள் பல.

இந்தச் செலவைப் பார்த்து எரிச்சல்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூட்டி வைக்கப்பட்டவர் தானாக டாக்டரைத் தேடிப் போக முடியுமா? எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைச் சிறையில் அடைக்கப்பட்ட நம் மீனவர்களுக்கு மாத்திரையாவது கிடைக்கிறதா என்று பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் வீட்டுப் பெண்கள் தவிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கோபம் வரவேண்டிய இடம் வேறு. 2023-ல் இந்த நாட்டில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் சுமார் 2.6 கோடிப் பேர். கைதிக்கு உள்ளது போன்ற வைத்திய உரிமையை இவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் தரவில்லை.

இவர்களுக்கு இருப்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும், எமர்ஜென்சியில் வந்தவரைப் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்து நீங்கும்வரை கவனித்தாக வேண்டும். ஆனால் பில் வரும். தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு, இன்சூரன்ஸ் தொடங்கும் முன்பே நடுராத்திரியில் கிட்னிக் கல் வலி. ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, விடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஒரு கவர், டாக்டருக்கு ஒரு கவர், ஸ்கேனைப் பார்த்துச் சொன்னவருக்கு ஒரு கவர் என்று தனித்தனியாக வந்தன. பதறிப்போய்க் கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி என்றால், வசதி குறைந்தவர்களுக்குப் பில்லைக் குறைக்கும் 'ஃபைனான்சியல் அசிஸ்டன்ஸ்' வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாய்விட்டுக் கேட்டு விண்ணப்பம் வாங்குங்கள். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அவகாசம் உண்டு. சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு எமர்ஜென்சிக்குப் போகவே வேண்டாம். வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் வாங்கும் கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்கள் பெரும்பாலான ஊர்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

அத்தாவையும் அம்மாவையும் பார்க்க அழைப்பதானால், விமானம் ஏறும் முன்பே விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருமா என்பதை மட்டும் வரி விடாமல் படியுங்கள்; பல பாலிசிகள் தருவதில்லை. வழக்கமான மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.