மெசின் கன்னும் மதிலில் காய்ந்த மகசினும்

கொடிகாமத்தில் பெரியம்மா வீட்டில் மலசலகூடக் குழி வெட்டும்போது துருப்பிடித்த துவக்கு மகசின் ஒன்று வந்தது, உள்ளே ரவைகளோடு. வெட்டிய பெடியன் அதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மதிலில் காய வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறான். ரொறன்ரோவில் இருந்து லீவுக்கு வந்த மச்சான் அதைப் படம் எடுத்துக்கொண்டே, "அமெரிக்காவில எண்டா மெசின் கன்னே ஆரும் கடையில வாங்கலாம், இதுக்கு ஏன் பயப்பிடுறீங்கள்" என்கிறான். ஒரு மதிலடியில் இத்தனை பிழையா என்று எனக்குத் தலை சுற்றியது.

மச்சானுடைய பிழையை முதலில் எடுக்கிறேன், யூடியூப் பார்க்கிற பாதிப் பேருக்கு இருப்பது அதுதான். அமெரிக்காவில் கடையில் தொங்குகிற ஏஆர்-15 துவக்கு மெசின் கன் இல்லை. அதில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ரவைதான் போகும். ஒரே அழுத்தில் ஒன்றுக்கு மேல் போனால்தான் அந்த நாட்டுச் சட்டத்தில் மெசின் கன், அதற்கு 1934 இலிருந்தே பதிவும் 200 டொலர் வரியும் இருக்கிறது (அந்த நாளில் 200 டொலர் என்பது கிட்டத்தட்ட ஒரு தொம்சன் துவக்கின் விலை, வாங்க வருகிறவனைத் திருப்பி அனுப்பத்தான் போட்டிருக்கிறார்கள்). 1986 மே 19 இல் கதவையே சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு செய்த மெசின் கன்னைப் பொதுமகன் வைத்திருக்க முடியாது. அதற்கு முன் பதிவான பழையவை மட்டும் கைமாறலாம், அதுவும் கைரேகை, படம், பின்னணி விசாரணை, மத்திய அரசின் ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகு. துவக்குகளின் எண்ணிக்கை கூடாமல் ஆசைப்படுகிறவர்கள் மட்டும் கூடியதால் ஒன்றின் விலை பல பத்தாயிரம் டொலர். நியூயோர்க் மாதிரி மாநிலங்களில் அந்த வழியும் இல்லை.

இன்னொன்று, முழுத் துவக்கு இருந்தால்தான் குற்றம் என்று நினைப்பது. அங்கே, சாதாரணத் துவக்கைத் தொடர்ந்து சுட வைக்கிற விரல் நகமளவு துண்டு தனியாக உங்கள் பையில் கிடந்தாலே அது மெசின் கன்தான், பத்து வருடம் வரை சிறை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் "பம்ப் ஸ்டொக்" (துவக்கின் பின்பிடியில் பூட்டி வேகமாகச் சுட வைக்கிற கருவி) மெசின் கன் ஆகாது என்று 6-3 இல் தீர்ப்புச் சொன்னதும், மெசின் கன்னையே அனுமதித்துவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் ஓடியது. அப்படி இல்லை. அந்தக் கருவி பூட்டினாலும் ஒவ்வொரு வெடிக்கும் விசை ஒருமுறை இயங்குகிறது என்ற நுணுக்கத்தில் வந்த தீர்ப்பு அது. மச்சானின் சொந்த ஊரான கனடாவில் 1978 க்கு முன் பதிந்து வைத்திருந்த ஆட்களைத் தவிர மற்றவர்களுக்குத் தடை, அதை அவனுக்கே நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, எங்கள் பக்கம் வருவோம். இங்கே இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1996 இல் அதைத் திருத்தித் தண்டனையை இறுக்கினார்கள். ரி-56 மாதிரித் தானியங்கித் துவக்கை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். யாரையும் சுட்டிருக்கத் தேவையில்லை, வைத்திருந்தாலே போதும். "துருப்பிடிச்சது, சுடாது" என்பது அடுத்த பிழை. சுடுமா சுடாதா என்று சொல்கிற ஆள் நீங்களும் இல்லை, மேசன் பெடியனும் இல்லை. அது அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையில் வரும், அந்த அறிக்கை வரும்வரை நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

லைசன்ஸ் விஷயத்திலும் குழப்பம். வன்னியில் பன்றிக்குக் காவலென்று சொட்கன் வைத்திருக்கும் கமக்காரரின் அனுமதி அந்த ஆளுக்கும் அந்தத் துவக்குக்கும் மட்டும், அதுவும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்பா செத்தால் காணி மாதிரி மகனுக்கு வராது, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு மறக்கவும் கூடாது, பொலிசில் ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றக் கதை. தற்பாதுகாப்புக்கென்று முறைப்படி கொடுத்த துவக்குகளையே 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கொண்டுவரச் சொன்னது, அப்படியிருக்க மெசின் கன்னுக்கு ஏதும் வழி இருக்கும் என்று மாவட்டக் கச்சேரிப் பக்கம் போய் விசாரிக்காதீர்கள்.

வெற்று ரவைக் கோதை ஞாபகத்துக்கென்று பயணப் பையில் வைப்பது, பித்தளை விலை நல்லதென்று பழைய இரும்புக்காரரிடம் ரவையைக் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற ஆட்களே மண்ணில் கிடப்பதைச் சும்மா கையால் தூக்குவதில்லை. கண்டால் தொடாமல் விலகி நின்று விதானையாருக்கோ பொலிசின் 119 க்கோ சொல்லுங்கள், படம் எடுத்து முகநூலில் போடுவதற்கு முன்னால்.

நாங்களும் அழைத்தோம். பொலிசார் வந்து எடுத்துக்கொண்டு, எங்கே, எத்தனை அடியில் என்று பெரியம்மாவிடம் வாக்குமூலம் எழுதினார்கள், மண்ணெண்ணெய் மணம் ஏன் என்று கேட்டபோது பெடியன் என்னைப் பார்த்தான். மச்சான் படத்தை அழித்துவிட்டான். குழி இன்னும் அரைவாசியில் நிற்கிறது, மேசன் வேறு இடத்தில் வெட்டச் சொல்கிறார், பெரியம்மாவோ வாஸ்துப்படி அந்த மூலைதான் என்கிறார்.