நாடி விரலுக்குச் சிக்காதபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, டெங்கியால் ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலை. பிரஷர் பார்க்க மணிக்கட்டில் ஓடும் ரேடியல் தமனிக்குள் ஒரு சின்னக் குழாய் போட வேண்டும். ஆனால் அங்கே நாடி விரலுக்குச் சிக்கவே இல்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்க, கையில் குத்திக் குத்தித் தேடினால் ரத்தம் கட்டிக்கொள்ளும். சரி என்று அல்ட்ராசவுண்டை இழுத்து வந்தேன்.

இந்த வயதில் ரேடியல் தமனி 2 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். திரையின் ஆழத்தை 2 சென்டிமீட்டருக்குக் குறைத்தேன். அதிர்ச்சியில் லேசாக அழுத்தினாலே தமனியும் மூடிக்கொள்ளும். அதனால் ஜெல்லை அள்ளிப் பூசி, அல்ட்ராசவுண்டின் கைக்கருவியான புரோபைத் தோலில் பட்டும் படாமலும் பிடித்தேன்.

சூட்சுமமெல்லாம் ஊசிமுனையில்தான். திரையில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தெரிந்ததும் ஊசியை நிறுத்தி, புரோபை மயிரிழை முன்னே நகர்த்தினால் புள்ளி மறையும். பிறகு ஊசியைத் தள்ள, திரும்ப வரும். இப்படியே மாறி மாறி. ரத்தம் எட்டிப் பார்த்ததுமே ஊசியின் மேல் உறைபோல் இருக்கும் குழாயைத் தள்ளிவிடுகிறார்கள் பலர், அங்கேதான் கெடும். முனைதான் உள்ளே போயிருக்கும், குழாயின் வாய் இன்னும் வெளியே. புள்ளி தமனியின் நடுவிலேயே நிற்க, இன்னும் சில மில்லிமீட்டர் போன பிறகு குழாயை விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. திரையில் அழுத்த அலை எழுந்தது.

“மருந்து ஏத்தவா டாக்டர்?” என்றார் அம்மா.

“இல்லம்மா, இதுல மருந்தே ஏத்தக்கூடாது. பிரஷர் பார்க்க, ரத்தம் எடுக்க மட்டும்தான்.”

அப்புறம், அந்தக் கையில் ரத்த ஓட்டம் குறைகிறதா என்று தெரிய, விரல்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி தாதியிடம் சொன்னேன்.