பெல்ட் மாற்றிய அன்றே கழுத்துக்கும் கட்டு வேண்டும்: டிராக் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு

நேர்கோட்டில் கால் மைல் ஓட்டுகிற டிராக் (drag) ரேஸுக்கு வண்டி தயார் செய்ய வேலந்தாவளத்தில் எங்கள் பட்டறைக்கு வருகிற பையன்களில் பாதிப்பேர் கோயம்புத்தூர்ப் பக்கம், மீதிப்பேர் பாலக்காட்டுப் பக்கம். யார் வந்தாலும் செலவு செய்கிற வரிசை மட்டும் ஒன்றுதான். முதலில் இன்ஜின், அப்புறம் டயர், அப்புறம் பக்கெட் சீட்டும், இடுப்பு, தோள், கால்நடு என்று ஆறு இடத்தில் கட்டுகிற ஆறு முனை பெல்ட்டும், கடைசியில் கையில் ஏதாவது மிஞ்சினால் தலைக்கும் கழுத்துக்கும். அந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன கோடையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி ஸ்விஃப்ட் கொண்டுவந்தான். பெல்ட் புதிது. "இனி பயமில்லண்ணா, ஆணி அடிச்ச மாதிரி உட்காரலாம்" என்றான். சரி, உட்கார் என்று சொல்லி, இடுப்பு வாரையும் தோள் வாரையும் நானே இழுத்து இறுக்கினேன். ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, பின்பக்கம் ஒரு கையை வைத்து மெதுவாக முன்னால் தள்ளினேன். நெஞ்சு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தலை மட்டும் தனியாகப் போய், ஹெல்மெட்டின் தாடைப்பகுதி தோள் வார்மேல் இடித்து நின்றது. பிடரியில் நரம்பு இழுபடுகிறது என்று அவனே சொன்னான். நான் தள்ளியது ஒரு கையால், கார் நின்றுகொண்டிருக்கும்போது.

கம்பெனி கொடுக்கிற மூன்று முனை பெல்ட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இடிக்கும்போது நெஞ்சும் தலையோடு சேர்ந்து முன்னால் போகும், எதிரில் ஏர்பேக் இருக்கும். ஆறு முனை பெல்ட் நெஞ்சை சீட்டோடு கட்டிப்போடுகிறது, ஸ்டீயரிங்கை மாற்றியதால் ஏர்பேக்கும் போய்விட்டது, ஆக முன்னால் போக மிச்சமிருப்பது தலை ஒன்றுதான். மனிதத் தலை ஐந்து கிலோ, ஹெல்மெட் ஒன்றரை கிலோ என்று வையுங்கள், நடுத்தரப் பலாப்பழம் ஒன்றின் எடை. ஐம்பது ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல ஐம்பது மடங்கு, அளவுக்குத் திடீரென நின்றால் அந்த ஆறரை கிலோ 325 கிலோ மாதிரி கழுத்தை இழுக்கும். மண்டையோட்டின் அடித்தளம், அதாவது முதுகெலும்பு வந்து சேருகிற இடம், அங்கேதான் விரிசல் விடுகிறது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இது நடக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், ஆறு முனை பெல்ட் மாட்டிவிட்டுக் கழுத்தை அப்படியே விடுவது கழுத்துக்குப் பழைய நிலையைவிட மோசம்.

"நம்ம வண்டி பதினாலு நொடி வண்டிதானே" என்பார்கள். கால் மைலை, அதாவது 402 மீட்டரை, பதினாலு நொடியில் முடிக்கிற கார் கோட்டைத் தாண்டும்போது ஏறக்குறைய மணிக்கு 160 கிலோமீட்டரில் போகிறது. நமக்கு இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நிற்கிற லாரியே ஆடும், ஓடுகிற கார் பக்கவாட்டில் தள்ளப்படுவது புதிதில்லை.

கழுத்துக் கருவி வந்த கதையும் இந்த மாதிரி ஒரு சாவிலிருந்துதான். 1981இல் பாட்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் மண்டை அடித்தள முறிவால் இறந்தார். அவருடைய நண்பர் ஜிம் டவுனிங்கும் ஓட்டுநர். டவுனிங்கின் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்ட், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் உடலியக்கவியல் பேராசிரியர். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஹான்ஸ் (HANS) என்ற கழுத்துக் கருவி. பல வருடம் ஓட்டுநர்கள் அதைத் தொடவே இல்லை, கழுத்தில் நுகத்தடி மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு, அதே வருடம் அந்நாட்டுக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார் கழுத்துக் கருவியைக் கட்டாயமாக்கியது, 2003இல் ஃபார்முலா ஒன்னும் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது.

அதன் வேலை எளிது. தோளில் உட்காருகிற கெட்டியான ஒரு கழுத்துப்பட்டை, அதிலிருந்து ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்துக்கும் போகிற நாடா. கழுத்துப்பட்டையின் இரண்டு கால்களும் நெஞ்சுமேல் இறங்கும், தோள் வார் அந்தக் கால்களின் மேலாகப் போகவேண்டும். தலை முன்னால் போகும்போது நாடா அதைப் பிடிக்கும், இழுவை கழுத்துக்குப் போகாமல் பட்டை வழியாக வாருக்கும் நெஞ்சுக்கும் போய்விடும். அதாவது கருவியைப் பிடித்து வைத்திருப்பது பெல்ட்தான். சாதாரண மூன்று முனை பெல்ட்டோடு ஹான்ஸ் போட்டால் பயனில்லை, ஒரு தோளில் வாரே இல்லையே! நெஞ்சைச் சுற்றித் தனி வார் வருகிற சிம்ப்சன் ஹைப்ரிட் மாதிரி வகைகளும் உண்டு. எதை எடுத்தாலும் எஸ்எஃப்ஐ (அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பு) 38.1 அல்லது எஃப்ஐஏ (உலகக் கார்ப் பந்தயக் கூட்டமைப்பு) 8858 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பாஞ்சில் செய்த வட்டமான கழுத்து வளையத்தை இதற்கு மாற்றாக நினைக்கவே வேண்டாம், கழுத்து முன்பக்கம் இழுபடுவதை அது தடுக்காது.

இப்போது பெல்ட். அந்த ஸ்விஃப்ட்டில் தோள் வாரைப் பின் சீட்டுத் தரையில் போல்ட் போட்டிருந்தார்கள். வார் சீட்டின் முதுகைத் தாண்டிச் செங்குத்தாகக் கீழே இறங்கியது. இடிக்கும்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும், கழுத்துப்பட்டையும் அதன் இடத்தில் நிற்காது. தோள் உயரத்தில் கேஜில், அதாவது ஓட்டுநரைச் சுற்றி காருக்குள் போடுகிற இரும்புக் குழாய்க் கூட்டில், ஒரு குறுக்குக் குழாய் வைத்து, வாரை அதில் சுற்றிக் கட்டவேண்டும். தோளிலிருந்து பின்னால் நேராகவோ, அதிகம் போனால் 20 டிகிரி சரிந்தோ போகலாம், அதற்குமேல் சரியக்கூடாது. பின்னால் இரண்டு வாரும் கிட்டக்கிட்ட இருக்கட்டும், விலகியிருந்தால் பட்டையிலிருந்து வழுக்கிவிடும். எஸ்எஃப்ஐ பெல்ட் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாரை மாற்றவேண்டும், எஃப்ஐஏ பெல்ட்டில் காலாவதி வருடம் அந்தத் துணியிலேயே அச்சடித்திருக்கும். நம் ஊர் வெயிலில் கார் நாள் முழுக்க நிற்கிறது, வார் வெளிறி மொடமொடவென்று இருந்தால் தேதியெல்லாம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கழுத்துப்பட்டையில் கோணமும் அளவும் உண்டு. நிமிர்ந்து உட்காருகிற செடான், ஹேட்ச்பேக் கார்களுக்குப் பெரும்பாலும் 20 டிகிரி சரியாக வரும், நன்றாகச் சாய்ந்து படுக்கிற சீட்டுக்கு 30. அளவு கழுத்துச் சுற்றளவைப் பொறுத்தது. கடையில் நின்றபடி போட்டுப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் காரில், உங்கள் சீட்டில், பெல்ட்டை இறுக்கிவிட்டு உட்காருங்கள். பட்டை பிடரியைத் தள்ளித் தலையைக் குனியவைத்தால் கோணம் தப்பு. கழுத்தெலும்பில் குத்தினால் உள்பஞ்சோ அளவோ தப்பு. தலையைத் திருப்பி இரண்டு பக்கக் கண்ணாடியும் பக்கத்து லேனும் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்று நாடாவை நீட்டி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைமட்டும் செய்யாதீர்கள். நாடா நீண்ட அளவுக்குத் தலை கூடுதலாகப் பறக்கும்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். பைக் ஹெல்மெட்டை காருக்குள் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். நம் ஐஎஸ்ஐ முத்திரை, அதாவது ஐஎஸ் 4151, இருசக்கர வண்டிக்கான தரம், அதற்கு நல்லது. காருக்குள் இரண்டு ஆபத்து கூடுதல், ஒன்று நெருப்பு, இன்னொன்று கேஜ் குழாயில் தலை திரும்பத் திரும்ப இடிப்பது. ஸ்னெல் என்ற அமெரிக்க ஹெல்மெட் சோதனை அமைப்பின் எஸ்ஏ வகை ஹெல்மெட்டைத் தீயிலும் சோதிக்கிறார்கள், உருண்டைக் குழாயில் இடித்தும் சோதிக்கிறார்கள், எம் என்று போட்ட பைக் வகைக்கு அந்தச் சோதனைகள் இல்லை. எஸ்ஏ 2015, எஸ்ஏ 2020 ஹெல்மெட்டுகளில் கழுத்துக் கருவியின் கொக்கிக்கு எம்6 திருகு ஓட்டை கம்பெனியிலேயே வந்துவிடும். ஓட்டை இல்லாத ஹெல்மெட்டில் நம் பட்டறை ட்ரில்லால் போடச் சொல்லி யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுவேன். ஸ்னெல் முத்திரை உள்ளே துணிக்கு அடியில் ஒட்டியிருக்கும், வெளியே மட்டும் ஸ்டிக்கர் இருந்தால் வாங்காதீர்கள். எந்த மாடல் சான்று பெற்றது என்ற பட்டியல் ஸ்னெல் தளத்திலேயே இருக்கிறது, காசு கொடுக்கும் முன் போனில் ஐந்து நிமிடம் தேடுங்கள்.

அளவு எடுக்க, புருவத்துக்கு ஒரு விரல்கட்டை மேலே தையல்காரர் டேப்பைச் சுற்றுங்கள். மாட்டியபின் ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து ஆடவேண்டும், தோல் நின்று ஹெல்மெட் மட்டும் ஆடினால் பெரிது. வாரை மாட்டியபடி, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் கவிழ்த்துப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. இருபது நிமிடம் போட்டுக்கொண்டே உட்காருங்கள், நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் வேறு வடிவம் தேடவேண்டும். எங்கள் பக்கம் இன்னொரு விஷயம், தேங்காயெண்ணெய். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு நேராக மாட்டினால் உள்துணி ஊறி, வியர்வையோடு சேர்ந்து, ஒரே சீசனில் வழுக்க ஆரம்பித்துவிடும். தீத்தாங்கித் துணியில் செய்த முகமூடி உள்ளே போடுங்கள், நெருப்புக்கும் அதுதான் காப்பு. உள்துணியைக் குழந்தை ஷாம்பூவில் அலசி நிழலில் காயவையுங்கள். பெட்ரோல், தின்னர் எதையும் ஹெல்மெட்டில் தொடக்கூடாது, உள்ளே இருக்கிற தெர்மோகோல் மாதிரியான பகுதி கரைந்துபோகும். கான்கிரீட்டில் பலமாக விழுந்த ஹெல்மெட்டும், விபத்தில் இருந்த ஹெல்மெட்டும் முடிந்தது, அந்த உள்பகுதி ஒரே ஒருமுறை நசுங்குவதற்காகத்தான் செய்யப்பட்டது. ஒன்றும் ஆகாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல்.

டிராக் ரேஸுக்கே உரிய ஒரு ஆபத்து டயர் குலுங்கல். பின்சக்கரப் பெரிய டயர் வண்டிகளில், பிடிப்பு கிடைத்தும் கிடைக்காமலும் டயர் நெளிந்து வண்டியே உதறும். 2007 மார்ச்சில் அமெரிக்காவின் கெய்ன்ஸ்வில்லில் சோதனை ஓட்டத்தின்போது அடிபட்டு, டிராக் ஓட்டுநர் எரிக் மெட்லென் நான்கு நாளில் இறந்தது அப்படித்தான், தலை இடமும் வலமுமாக உதறப்பட்டு மூளையில் காயம். அதற்குப் பிறகு அவருடைய ஜான் ஃபோர்ஸ் அணி, ஓட்டுநர் தலையைச் சுற்றிய கேஜையும் பஞ்சையும் புதிதாக வடிவமைத்தது. கழுத்துக் கருவி முன்பக்க இழுவைக்குத்தான் முதன்மையானது, பக்கவாட்டுக்குத் தலைக்கு இருபுறமும் சிறகு வைத்த சீட்டும் கேஜ் பஞ்சும்தான் துணை. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பாஞ்சைக் கேஜில் சுற்றிவிட்டு வருகிறார்கள், கட்டைவிரலால் அமுக்கினால் விரல் இரும்பைத் தொடுகிறது. எஸ்எஃப்ஐ 45.1 முத்திரை உள்ள பஞ்சு கையில் கல் மாதிரித் தெரியும், ஹெல்மெட்டோடு இடிக்கும்போதுதான் அது நசுங்கிக் கொடுக்கும். ஹெல்மெட் இல்லாமல் அந்தக் காரைக் கடைக்குப் பால் வாங்க ஓட்டாதீர்கள், வெறுந்தலைக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறது.

பைக்கில் டிராக் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நாடாக் கருவி கிடையாது, உடலைக் கட்டிப்போடுகிற பெல்ட் இல்லாததால் தேவையும் வேறு. நல்ல முழு ஹெல்மெட், இரட்டை வளையக் கொக்கி, தோல் உடை, முதுகுக் காப்பு. ஹெல்மெட்டை எதோடும் கட்டிவைக்காதீர்கள்.

மாட்டுகிற வரிசை: முகமூடி, ஹெல்மெட், பட்டை, நாடாவைக் கொக்கியில் மாட்டிக் கிளிக் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கவேண்டும், அப்புறம் உட்காருவது. முதலில் இடுப்பு வார், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் தாழ. அப்புறம் கால்நடு வார். தோள் வார் கடைசியில், பட்டையின் மேலாகப் போகிறதா என்று வெளியே நிற்கிற ஆள் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். கையுறையோடு ஓட்டுநருக்கு அது தெரியாது.

அந்த கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்குக் குறுக்குக் குழாய் வைத்து, பட்டை வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு கண்ணைக் கட்டி இறங்கச் சொன்னேன். முதல் தடவை ஹெல்மெட் நாடாவைக் கழற்றத் தேடி நேரம் போனது. அதைத் தொடவே வேண்டாம், பெல்ட் பூட்டைத் திருகினால் பட்டை உன்னோடு வெளியே வரும் என்றேன். இரண்டாவது தடவை பட்டையின் பின்பக்கம் கதவுக் குழாயில் மாட்டியது. தலையைக் குனிந்து தோளை முதலில் விடச் சொன்னேன். ஐந்தாவது தடவை சரளமாக வந்தான். அப்புறம் அவன் கூட வருகிற இரண்டு பேரையும் கூப்பிட்டு, அவனுக்கு நினைவில்லாவிட்டால் ஹெல்மெட்டை இழுக்கக்கூடாது, கழுத்தை அசைக்காமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு டாக்டருக்குக் காத்திருக்கவேண்டும், தீ இருந்தால் மட்டும் உடனே வெளியே எடுக்கவேண்டும், நாடாவின் கொக்கி இங்கே இருக்கிறது என்று ஆளுக்கு மூன்று தடவை கழற்றவைத்து அனுப்பினேன்.