பி.எஃப். கட்டத் தாமதமானால்: வட்டி, அபராதம் கணக்கிடும் முறையும் நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் வழியும்

ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். முன்பு இதற்கு மேல் 5 நாள் சலுகை இருந்தது. 2016 பிப்ரவரியோடு அது போய்விட்டது. பழைய நினைப்பில் 20ஆம் தேதி வாக்கில் கட்டிக்கொண்டிருக்கும் சிறு கம்பெனிகளுக்கு ஒவ்வொரு மாதமும் அபராதம் சேர்ந்துகொண்டே இருக்கும். உடனே யாரும் கேட்க மாட்டார்கள். சில வருடம் கழித்து எல்லா மாதமும் சேர்ந்து ஒரே நோட்டீஸாக வரும்.

முதலில், சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சரியாகப் பாருங்கள். 20 பேர் வேலை செய்தால் பி.எஃப். கட்டாயம். தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொழில் நடத்துகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கோயம்புத்தூரில் ஆபீஸும் குடோனும், அங்கே 12 பேர். கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு யூனிட், அங்கே 10 பேர். இரண்டு இடத்திலும் 20 இல்லை என்று இருந்துவிட முடியாது. கிளைகளும் பிரிவுகளும் எங்கே இருந்தாலும் ஒரே நிறுவனம்தான் என்று 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் 2ஏ பிரிவு சொல்கிறது. மாநில எல்லை இதில் கணக்கே இல்லை. 22 பேர் என்று தெரிந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கட்டாத எல்லா மாதமும் பாக்கிதான்.

தாமதத்துக்கு இரண்டு தண்டம் உண்டு, இரண்டும் தனித்தனி. ஒன்று அதே சட்டத்தின் 7க்யூ பிரிவுப்படியான வட்டி: வருடத்துக்கு 12 சதவீதம், தனி வட்டி, கெடு முடிந்த நாளிலிருந்து பணம் கட்டிய நாள் வரை. இன்னொன்று 14பி பிரிவுப்படியான அபராதம். ஆபீஸ் பேச்சில் டேமேஜஸ். 2024 ஜூன் நடுவிலிருந்து இது பாக்கித் தொகையில் மாதத்துக்கு 1 சதவீதம். மாதத்தில் ஒரு பகுதி ஆனாலும் முழு மாதமாகவே எடுத்துக்கொள்வார்கள். மொத்த அபராதம் பாக்கித் தொகையைத் தாண்டக் கூடாது என்பதுதான் உச்சவரம்பு. தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன், இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம் என்று 1, 2, 10, 21 ஆகிய எல்லாக் கணக்குக்கும் இவை உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 பேர், ஆளுக்கு பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 15,000 ரூபாய். மொத்தச் சம்பளம் 3,75,000. தொழிலாளி பங்கு 12 சதவீதம், 45,000. முதலாளி பங்கும் 45,000. இதில் 31,250 பென்ஷனுக்கும் 13,750 பி.எஃப். கணக்குக்கும் போகும். இன்சூரன்ஸ் 1,875, நிர்வாகக் கட்டணம் 1,875. ஆக 93,750 ரூபாய். 2025 ஏப்ரல் சம்பளத்துக்கு மே 15 கெடு. ஜூலை 24 அன்று கட்டினால் 70 நாள் தாமதம்.

வட்டி: 93,750 × 12 சதவீதம் × 70 ÷ 365 = 2,158 ரூபாய்.
அபராதம்: இரண்டு மாதமும் ஒன்பது நாளும் என்பது 3 மாதம், 3 சதவீதம் = 2,813 ரூபாய்.

இரண்டும் சேர்ந்து 4,971. இதையே ஒரே ஒரு நாள் தாமதத்துக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி 31 ரூபாய்தான். அபராதம் 938 ரூபாய், ஏனென்றால் ஒரு நாளும் ஒரு மாதம்தான். பழைய முறையில் இதே ஒரு நாளுக்கு அபராதம் 13 ரூபாய்கூட வந்திருக்காது. அன்று விகிதம் தாமதத்துக்குத் தகுந்தபடி ஏறும்: 2 மாதத்துக்குள் வருடத்துக்கு 5 சதவீதம், 2 முதல் 4 மாதம் வரை 10, 4 முதல் 6 வரை 15, அதற்கு மேல் 25. புதிய விகிதத்தைச் சலுகை என்று பலர் பேசுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு அது சலுகைதான். மாதாமாதம் நாலைந்து நாள் தள்ளிக் கட்டுகிறவருக்கு இது முன்பைவிடப் பல மடங்கு சுமை. 2024 ஜூனுக்கு முந்தைய தாமதத்துக்கு இன்றைக்கு நோட்டீஸ் வந்தாலும் பழைய விகிதம்தான், ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பணம் கட்டும் நாள் எது என்பதிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஈசிஆர் (ஆள்வாரியாகப் பங்கைக் காட்டும் மாதாந்திரப் பட்டியல்) ஏற்றிய நாளோ, அதற்குப் போர்ட்டல் தரும் டிஆர்ஆர்என் நம்பர் கிடைத்த நாளோ கணக்கில்லை. வங்கியிலிருந்து பணம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. 15ஆம் தேதி சாயங்காலம் போர்ட்டல் திணறும், வங்கிப் பரிவர்த்தனை பாதியில் நிற்கும். ஒருவருடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) ஆதாரோடு பொருந்தாவிட்டால் ஃபைலே ஏறாது. கேரளத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப். பதிவில் வேறு இனிஷியல் என்பது அடிக்கடி வரும் கோளாறு; வேலைக்குச் சேரும் அன்றே இதைச் சரிபார்த்துவிட வேண்டும். 7ஆம் தேதிக்குள் ஃபைலைத் தயார் செய்து, 12ஆம் தேதிக்குள் பணத்தைக் கட்டிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் பிடித்த தொழிலாளி பங்கைக் கட்டாமல் வைத்திருப்பதுதான் இதில் மிகப் பெரிய குற்றம். அது முதலாளியின் பணமே இல்லை; வேறொருவர் நம்பி ஒப்படைத்த பணம். 1952 சட்டப்படி இதற்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. நம்பிக்கை மோசடிக் குற்றமாகவும் வழக்குப் போடலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின் விளக்கத்திலேயே பி.எஃப். பிடித்தம் சொல்லப்பட்டிருக்கிறது. கையில் பணம் குறைவாக இருக்கும் மாதத்தில் கடைக்காரர் பாக்கியைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரு மாதம் பிடிக்க மறந்துவிட்டால், அடுத்த மாதச் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பிடிக்க முடியாது. தற்செயலான தவறு அல்லது எழுத்துப் பிழை என்று காட்டி பி.எஃப். இன்ஸ்பெக்டரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கினால் மட்டுமே முடியும். இல்லாவிட்டால் இரண்டு பங்கும் முதலாளி தலையில்.

கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுக்கிறவர்கள் கவனிக்க: அவர் கட்டாவிட்டால் பொறுப்பு உங்களுடையது. பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சலானை மட்டும் பார்க்காதீர்கள். ஈசிஆர் பட்டியலை வாங்கி, உங்கள் கேட்டில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கட்டாத தொகையை அவருடைய பில்லில் பிடித்துக்கொள்ள 8ஏ பிரிவு இடம் தருகிறது.

இனி நோட்டீஸ் வந்தால். அதோடு ஒரு கணக்குத் தாள் வரும்: சம்பள மாதம், கெடு தேதி, கட்டிய தேதி, தாமத நாட்கள், கணக்குவாரியாகத் தொகை. அதை அப்படியே ஒத்துக்கொள்ளாமல் உங்கள் வங்கி ஸ்டேட்மென்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியவை இவை. கட்டிய தேதி தவறாக ஏறியிருக்கலாம். 2016க்கு முந்தைய மாதங்களில் 5 நாள் சலுகையைக் கழிக்காமல் விட்டிருக்கலாம். 2020 லாக்டவுன் காலத் தாமதத்துக்கு அபராதம் போடக் கூடாது என்று பி.எஃப். நிறுவனமே அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் கூலி ஒப்பந்தம் முன்தேதியிட்டு வரும். அந்த அரியரை பழைய மாதப் பாக்கியாகக் காட்டியிருந்தால், ஒப்பந்த நகலையும் அரியர் கொடுத்த தேதிக்கான ஆதாரத்தையும் வைத்து எதிர்க்க வேண்டும்.

1952 சட்டத்தில் 14பி நோட்டீஸுக்குக் காலவரம்பு இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய மாதத்துக்கும் வரலாம், அதனால் சலான்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

விசாரணைக்குக் குறித்த நாளில் கட்டாயம் போங்கள் அல்லது ஆள் அனுப்புங்கள். போகாவிட்டால் தாளில் இருக்கும் தொகையே ஆணையாகிவிடும். வட்டியைக் குறைக்க அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, அதில் கணக்குப் பிழையை மட்டும் காட்டலாம். 'வேண்டுமென்று செய்யவில்லை' என்ற வாதமும் இன்று அதிகம் எடுபடாது. குற்ற எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14பி ஆணையை எதிர்த்து 60 நாளுக்குள் மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கேரளத்துக்கு அது எர்ணாகுளத்தில் இருக்கிறது. வட்டிக்கு மட்டும் தனி ஆணை வந்தால் மேல்முறையீடு கிடையாது. இரண்டும் ஒரே ஆணையில் இருந்தால் உண்டு. கெடுவைத் தவறவிட்டால் வங்கிக் கணக்கு முடக்கம், சொத்து ஜப்தி என்று வசூல் தொடங்கும்.

2025 நவம்பர் 21 முதல், பி.எஃப்.பையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் வட்டி 127ஆம் பிரிவு, அபராதம் 128ஆம் பிரிவு. பிடித்த பங்கைக் கட்டாததற்குச் சிறையோடு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். நோட்டீஸ் கைக்கு வந்ததும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த மாதத்துப் பாக்கி என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளியாக இருந்தால், சம்பளச் சீட்டில் பிடித்ததும் பாஸ்புக்கில் ஏறியதும் ஒன்றா என்று மாதாமாதம் பாருங்கள். யு.ஏ.என்.னோடு பதிவான போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாவிட்டால் சம்பளச் சீட்டு நகல்களோடு பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம். நிறுவனத்தின் பி.எஃப். கோடு (code) நம்பர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்ததோ அங்கேதான் புகார் போகும். வேலை கஞ்சிக்கோட்டில் நடந்தாலும் கோடு கோயம்புத்தூருடையதாக இருக்கலாம், சம்பளச் சீட்டில் அதைப் பார்த்து எழுதுங்கள்.