செபேகோ ஏரியில் சாமனுக்குத் தூண்டில் இழுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம், செபேகோ ஏரியின் படகுத்துறையில் இரண்டு இளைஞர்கள் வெறுங்கையோடு படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்புகள், கம்பியில் கட்டிய கனமான குண்டால் இரையை ஆழத்துக்கு இறக்கும் புது டவுன்ரிக்கர், என்னுடையதைவிடப் பெரிய சோனார் திரை. காலை ஐந்து மணியிலிருந்து ஒரு கடிகூட இல்லையாம். "60 அடியில் மீன் தெரிந்துகொண்டே இருந்தது, குண்டையும் 60 அடிக்குத்தான் இறக்கினோம்" என்றார்கள். கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. இதே ஏரியில் இதையே சொல்லிக்கொண்டு நான் ஒரு கோடை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

இந்த மீனைப் பழகாதவர்களுக்கு இரண்டு வரி. கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வளர்ந்து, முட்டையிட ஓடைக்குப் போகும் அட்லாண்டிக் சாமன் இது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இது இயற்கையாகவே இருந்த நான்கு நீர்ப்பரப்புகளில் செபேகோவும் ஒன்று. 316 அடி ஆழம், மாநிலத்திலேயே மிக ஆழமான ஏரி. 1907ல் இங்கே பிடிபட்ட 22 பவுண்டு 8 அவுன்ஸ் மீன்தான் மாநில சாதனை. கூடவே டோக் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் லேக் ட்ரவுட்டும் உண்டு. இரண்டையும் பிடிக்கப் பெரும்பாலும் ட்ரோலிங்தான், அதாவது படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே இரையைப் பின்னால் இழுத்துப் போவது.

லைசென்ஸ் எடுங்கள், முடிச்சை இறுக்கிப் போடுங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மே மாதத்தில் ஆழம் தேடுவது

பனி உடைந்த முதல் சில வாரங்களில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியாக இருக்கும், அதனால் சாமனுக்குக் கீழே இறங்க வேண்டிய அவசியமே கிடையாது. ஸ்மெல்ட் என்ற சின்ன மீன் முட்டையிட ஓடை வாய்களுக்குக் கூட்டமாக வரும், அதைத் தின்னச் சாமனும் பின்னாலேயே வரும். அந்த நேரத்தில் டவுன்ரிக்கரைத் தொடவே வேண்டாம். ஓடை வாய்க்குப் பக்கத்தில், மேல் பத்தடிக்குள், சின்ன மீன் போலத் தெரியும் இறகு இரையான ஸ்ட்ரீமர் ஒன்றை இழுங்கள். 1924ல் மெயினின் அப்பர் டேம் என்ற இடத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி ஸ்மெல்ட்டைப் போலவே இறகில் ஓர் இரையைக் கட்டி, அதிலேயே 6 பவுண்டு 13 அவுன்ஸ் ப்ரூக் ட்ரவுட்டைப் பிடித்தார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட கிரே கோஸ்ட் என்ற ஸ்ட்ரீமர் இன்றும் என் பெட்டியில் முதல் வரிசையில் இருக்கிறது. மே மாதத்தில் அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

கவுண்டரில் தெரியும் எண்ணை ஆழம் என்று நம்புவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஆகியும், யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது சோம்பேறித்தனத்தால் வரும் தவறு இல்லை, நன்றாகக் காசு செலவழித்து கவனமாகத் தயாராகி வருபவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

டவுன்ரிக்கர் கவுண்டர் சொல்வது எவ்வளவு கம்பி வெளியே போயிருக்கிறது என்பதை மட்டும்தான். படகு நகரும்போது தண்ணீர் குண்டைப் பின்னால் தள்ளும், கம்பி சாயும். 60 அடி கம்பி 30 டிகிரி சாய்ந்தாலே குண்டு இருப்பது 52 அடியில். 45 டிகிரி சாய்ந்தால் 42 அடியில். குண்டு எவ்வளவு லேசோ, படகு எவ்வளவு வேகமோ, அவ்வளவு சாயும். அந்த இளைஞர்கள் ஆறு பவுண்டு குண்டைக் கட்டி மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். இந்த ஏரியில் பத்து பவுண்டுக்குக் குறைந்த குண்டை நான் இறக்குவதில்லை. குண்டு உங்கள் சோனார் திரையில் ஒரு கோடாகத் தெரிந்தால் அந்தக் கோடு காட்டும் ஆழத்தை நம்புங்கள், தெரியவில்லை என்றால் அது சோனார் பார்க்கும் இடத்தைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

லெட்கோரிலும் இதே கதைதான். உள்ளே ஈயக் கம்பி ஓடும் இந்தத் தூண்டில் நரம்பு பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். ஒரு நிறத்துக்கு ஐந்து அடி என்று எல்லோரும் சொல்வார்கள், மெதுவாக ஓட்டும்வரை அது ஏறக்குறைய சரியும்கூட. கொஞ்சம் வேகம் கூட்டினால் மொத்த நரம்பும் மேலே எழும்பிவிடும், அப்போது எட்டு நிறம் விட்டாலும் 40 அடிக்குப் போகாது.

சரி, இரையை 60 அடிக்கே கொண்டுபோய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தெரிவது சாமன்தான் என்று யார் சொன்னது? ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏரி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே வெதுவெதுப்பான தண்ணீர், நடுவில் சில அடிகளுக்குள் சட்டென்று குளிரும் ஓர் அடுக்கு, அதற்குக் கீழே குளிர்ந்த தண்ணீர். சாமனுக்குப் பிடித்தது 50க்கு மேல் 58க்குள், ஃபாரன்ஹீட்டில். டோக் அதைவிடக் குளிரைத் தேடிக் கீழே படுத்திருக்கும். நான் தொலைத்த அந்தக் கோடையில் திரையில் பார்த்து ஏங்கிய மீன்கள் எல்லாம் அநேகமாக டோக், அதுவும் சாமன் வேகத்தில் போகும் ஸ்பூன் என்ற உலோகத் தகட்டு இரையைத் திரும்பியும் பார்க்காத டோக். சாமன் அதற்கு இருபது அடி மேலே இருந்திருக்கிறது. இந்த மீன்கள் தலைக்கு மேலே போகும் இரையைத்தான் ஏறிவந்து கடிக்கும், வயிற்றுக்குக் கீழே போவதை அநேகமாக விட்டுவிடும்.

அதனால் முதலில் வெப்பத்தை அளந்துவிட்டு அப்புறம் குண்டை இறக்குங்கள். குண்டிலேயே பொருத்தும் கருவிகள் கிடைக்கின்றன, விலை அதிகம். எனக்குப் படகுத்துறையில் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்த வழிக்குச் செலவே இல்லை: கண்ணாடி பாட்டிலுக்குள் ஒரு தெர்மாமீட்டர், பாட்டிலின் அடியில் எடை, வாயில் கார்க், கழுத்திலும் கார்க்கிலும் ஒரே கயிறு, நடுவில் கொஞ்சம் தளர்வு விட்டு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கி வெடுக்கென்று இழுத்தால் கார்க் பிடுங்கிக்கொள்ளும், அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். இரண்டு நிமிஷம் விட்டு வேகமாக மேலே இழுத்துப் படிக்க வேண்டும். அப்படி அளந்த அன்று 54 டிகிரி எனக்குக் கிடைத்தது 40 அடியில். ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாமன் கம்பியிலிருந்து நரம்பைப் பறித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே மூன்று முறை துள்ளியது, என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதோடு முடிந்தது என்று நினைத்து அடுத்த வாரமும் அதே 40 அடிக்கு இறக்கினேன், ஒன்றுமில்லை. இடையில் இரண்டு நாள் வடமேற்குக் காற்று விடாமல் அடித்திருந்தது. காற்று மேல் தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளிக் குவிக்கும். அந்தக் கரையில் வெதுவெதுப்பான அடுக்கு தடித்து, குளிர் அடுக்கு கீழே அமுங்கும், காற்று கிளம்பும் கரையிலோ குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறிவரும். அன்று தெற்குப் பக்கம் 54 டிகிரி கிட்டத்தட்ட 55 அடியில் இருந்தது. போன வாரத்து ஆழத்தை நோட்டில் எழுதி வைத்து அப்படியே இறக்காதீர்கள், ஒவ்வொரு காலையும் அளந்து பாருங்கள்.

இன்னொன்று, இதில் பணமே போகும். கம்பி சாய்வதைத் தெரிந்துகொண்ட சிலர் கணக்குப் போட்டு, 70 அடி ஆழமுள்ள இடத்தில் 75 அடி கம்பி விடுகிறார்கள். ஓடும்வரை சரி. மீன் கடித்ததும் பதற்றத்தில் இன்ஜினைக் குறைப்பீர்கள், குண்டு நேராகத் தொங்கப் பார்க்கும், தரையில் பாறை இருந்தால் இடுக்கில் மாட்டும். எனக்கு அப்படி ஒரே நிமிஷத்தில் குண்டு, கம்பி, மீன் மூன்றும் போயின. மீன் கடித்தால் படகை ஓடவிட்டுக்கொண்டே, கூட இருப்பவரைக் குண்டை மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

ரயில் தண்டவாளம் மாதிரி நேராக ஓட்டுவது

கடி விழுவது பெரும்பாலும் இரையின் ஓட்டம் மாறும் கணத்தில்தான். எஸ் எழுத்தைப் போல வளைந்து போங்கள். வளைவின் வெளிப்பக்கத்து இரை வேகமெடுத்து மேலேறும், உள்பக்கத்து இரை தளர்ந்து கீழே இறங்கும். எந்தப் பக்கத்துக் கம்பு வளைகிறது என்று பாருங்கள், வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மீனே சொல்லிவிடும். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம் என்பதால் எதிர்க்காற்றில் ஓடும்போதும் காற்றோடு ஓடும்போதும் அதே எண் வேறு வேறு ஆட்டத்தைக் கொடுக்கும். புது ஸ்பூன் என்றால் முதலில் படகின் ஓரமாகவே தண்ணீரில் விட்டு, எந்த வேகத்தில் நன்றாக ஆடுகிறது, எந்த வேகத்தில் சும்மா சுழல்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டோக்குக்கும் சாமனுக்கும் ஒரே வேகம்

சாமனுக்கு இரண்டு மைலுக்கு மேல். டோக்குக்கு ஒன்றரைக்குப் பக்கத்தில்.

ஸ்விவல் இல்லாமல் ஸ்பூன் கட்டுவது

நரம்பு முறுக்கிக்கொள்ளும். ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பைக் கட்டுங்கள்.

கிளிப்பை இறுக்குவது

நரம்பைக் குண்டோடு பிடித்திருக்கும் கிளிப் இறுக்கமாக இருந்தால் ஒரு அடி நீளக் குட்டி சாமன் மாட்டியதே உங்களுக்குத் தெரியாது, அரை மணி நேரம் அதை இழுத்துக்கொண்டே போய்க் கொன்றுவிடுவீர்கள். கம்பு நன்றாக வளையும் அளவுக்கு நரம்பை இழுத்து வையுங்கள், கையால் வெடுக்கென்று இழுத்தால் விடுபடும் அளவுக்குக் கிளிப்பைத் தளர்த்துங்கள்.

ஆகஸ்ட் மீனைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுப்பது

54 டிகிரி தண்ணீரில் இருந்த மீனை 75 டிகிரி தண்ணீர் வழியாக இழுத்து வந்திருக்கிறீர்கள், அது ஏற்கனவே துள்ளித் துள்ளிக் களைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு நிமிஷம் வெயிலில் தூக்கிப் பிடித்தால், நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிழைக்காமல் போகலாம். ரப்பர் வலையில், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். மூன்று முனை முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டினால் இந்த வேலை பாதியாகும். மேல் தண்ணீர் அவ்வளவு சூடாக இருக்கும் நாட்களில், விடுவதற்காகப் பிடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். சட்டம் அனுமதிப்பதில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குள் கரையேறிவிடுகிறேன்.