சேலத்திலிருந்து பாலினக் கொள்கைப் படிப்புக்கு: முதல் விண்ணப்பம் வரை ஒவ்வொரு படியாக

பாலினமும் பொதுக் கொள்கையும் ஒரு முதுகலைப் படிப்பு என்று சொன்னதும் நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. மகளிர் திட்டம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ மாவட்டந்தோறும் இயங்கும் சகி மையங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. யுஜிசி நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருப்பதால் கல்லூரி ஆசிரியர் ஆகும் வழியும் திறந்திருக்கிறது. இது பெண்களுக்கு மட்டுமான படிப்பு அல்ல. ஆண்களும் திருநரும் படிக்கலாம், படிக்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் இயல்பாகவே ஒரு பிடி இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கப்பட்டது இங்கேதான். 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 942 பெண்கள் என்பது தமிழ்நாட்டுச் சராசரி. சேலம் அதற்கு வெகு கீழே இருந்தது. தொட்டில் வைத்தது உயிரைக் காத்தது, சரி. பெண் பிள்ளை வேண்டாம் என்ற நினைப்பையும் வரதட்சணைச் சுமையையும் அது தொட்டதா? இப்படிக் கேட்பதுதான் இந்தத் துறையின் வேலை.

முதல் படி: படிப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழகப் பட்டியலில் தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வழி. உங்களிடம் ஒரு கேள்வி இருந்தால், எந்தப் படிப்பு பொருந்தும் என்பது தானாகத் தெளியும். விண்ணப்பத்தில் எழுதவும் விஷயம் இருக்கும்.

கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலையில் வீட்டிலிருந்தபடியே பீஸ் கணக்கில் உழைக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்களைத் தொழிலாளி என்று சட்டம் எண்ணுகிறதா? கண் கெட்டால், கை சுட்டால் யார் பொறுப்பு? ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போனால் வேறொன்று. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. சிறு தோட்டங்களில் பழம் பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? 2021-ல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸே அரிதாக வரும் மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு அதனால் என்ன கிடைக்கும்?

"பெண் முன்னேற்றம் பற்றி ஆராய விரும்புகிறேன்" என்பது கேள்வி ஆகாது. யாரைப் பற்றி, எந்தச் சட்டம் அல்லது திட்டம், எந்தத் தரவு என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது கேள்வி. ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்த இடத்துக்கு நேரில் போய் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்து எழுதுங்கள்.

இரண்டாம் படி: காசு செலவழிக்காமல் அடிப்படை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) சேலம் மாவட்டத்துக்குத் தனித் தரவுத்தாள் உண்டு, இணையத்தில் இலவசம். இரத்தசோகை, இளவயதுத் திருமணம் எல்லாம் அதில் இருக்கின்றன. முதலில் அதை வாசியுங்கள்.

அடுத்து, 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு. கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்கிறது அது. இங்கே கவனம் வேண்டும். அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி மட்டுமே இது. ஒரு தட்டைக்கூடக் கழுவாத ஆண்கள் இந்த 88-க்குள் வருவதில்லை. எல்லோரையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். ஓர் எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்கப் பழகியவர் பாதிப் பாடத்தைக் கற்றவர்.

மூன்றாவதாக ஒரு கருத்து. சமூகவியலாளர் மாக்ஸின் மோலினூ 1985-ல் பெண்களின் நலன்களில் நடைமுறை நலன், உத்திசார் நலன் என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். தண்ணீர்க் குழாய் வீட்டு வாசலுக்கு வருவது நடைமுறை நலன். தண்ணீர் எடுப்பது பெண் வேலை என்ற ஏற்பாடே மாறுவது உத்திசார் நலன். மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை இதில் எந்தப் பக்கம்? நண்பர்களோடு வாதிட்டுப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதாது.

ஐ.நா. பெண்கள் அமைப்பின் பயிற்சி மையம் இலவச இணையப் பாடங்கள் தருகிறது. ஒன்றை முடித்துச் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே படிப்பது

தமிழ்நாட்டுக்குள் திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, கோவை பாரதியார் பல்கலைக்கழகங்களிலும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலும் மகளிரியல் துறைகள் உண்டு. களப்பணி தமிழிலேயே நடக்கும் என்பது இவற்றின் பெரிய பலம். இதைக் குறைவாக எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் மகளிர் ஆய்வு மையம் இருக்கிறது.

கொள்கைப் பக்கம் சாய்பவர்களுக்குப் பெங்களூரு கைக்கெட்டும் தூரம். தேசியச் சட்டப் பள்ளியில் பொதுக் கொள்கை முதுகலையும், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி முதுகலையும் உண்டு. பின்னதில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை கிடைக்கும். டாட்டா சமூக அறிவியல் கழகத்துக்கு க்யூட் முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் முன்கூட்டியே தயாராகுங்கள், வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும்.

வேலையை விட முடியாதவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். மகளிர் மற்றும் பாலின ஆய்வில் அங்கே முதுகலையும் பட்டயமும் தொலைநிலையில் உண்டு.

படிப்போடு சம்பளமும் வேண்டுமென்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். 2022-ல் அறிவிக்கப்பட்ட இந்த இரண்டாண்டுத் திட்டத்தில் அரசுத் துறைகளோடு நேரடியாக வேலை செய்யலாம், தமிழ் அறிவு கட்டாயம். மற்றொன்று, சட்டமன்ற, நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பிஆர்எஸ் நிறுவனத்தின் லேம்ப் ஃபெலோஷிப். 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் தில்லியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு வேலை செய்வார்கள்.

நான்காம் படி: வெளிநாடும் பணமும்

இங்கிலாந்தின் சசெக்ஸில் உள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் பாலினமும் வளர்ச்சியும் முதுகலை 1987-லிருந்து நடக்கிறது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பாலினம், கொள்கை, ஏற்றத்தாழ்வு என்ற பெயரிலேயே படிப்பு உண்டு. ஐரோப்பாவில் ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஜெம்மா இருக்கிறது. பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் படிப்புகளில் ஒன்று, மகளிர், பாலின ஆய்வில் முதுகலை.

கட்டணத்தைப் பார்த்து மிரண்டு உடனே பக்கத்தை மூடிவிடாதீர்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும். தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் செய்த வேலையும் கணக்கில் சேரும், அதனால் இன்றே பதிவேடு போடுங்கள். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காமன்வெல்த் உதவித்தொகையும் உண்டு. பழங்குடி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 20 இடங்கள். சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் பலர் பட்டம் முடித்திருக்கிறார்கள், இந்தச் செய்தியை அவர்கள் காதில் போடுங்கள். பட்டியலினத்தவருக்கான அதே பெயர்த் திட்டத்தில் இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளை 2022-ல் விலக்கினார்கள். பாலினத் துறையினரைத் தாக்கும் தவறான முடிவு அது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டே இறங்குங்கள்.

இதற்கெல்லாம் ஏஜெண்ட் தேவையே இல்லை. எல்லா விண்ணப்பமும் நீங்களே நிரப்பக்கூடியவை.

ஐந்தாம் படி: நோக்கக் கடிதம்

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கடிதம் இது. எஸ்.ஓ.பி. என்பார்கள். "சிறு வயது முதலே பெண்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும் கடிதங்கள் குவிந்து கிடக்கும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "என் தெருவில் கொலுசு வேலை செய்யும் பெண்களில் யாரிடமும் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். கிடைத்த பதில்கள் இவை." கேட்காமல் எழுதாதீர்கள். உண்மையில் கேட்டது என்றால் வாசிப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

அதன்பின், அந்தக் கேள்விக்கு விடை தேட உங்களிடம் எது குறைகிறது, இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதைத் தரும் என்று எழுதுங்கள். பாடத்தின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். முதல் வரைவைத் தமிழில் எழுதுவது நல்லது. சிந்தனை தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

ஆறாம் படி: நாள்காட்டி

செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். எராஸ்மஸ் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை. க்யூட் விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். இக்னோவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை.

பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் சான்றுகளையும் ஜூனிலேயே தயார் செய்யுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும் ஆசிரியருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரையையும் நோக்கக் கடித வரைவையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள்.